ரூஜ் சதுப்பில் கயாக்: பக்கத்து ஆற்றை ஆறுதலாகப் பார்ப்பது எப்படி

ரொறன்ரோவில் லோரன்ஸ் அவென்யூவைக் கிழக்கே பிடித்துக்கொண்டு போனால், ஸ்காபரோ முடிகிற இடத்தில் ரூஜ் பீச் வரும். எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரிந்த இடம். சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார்கள், பின்னேரம் நடக்க வருவார்கள், கலியாணப் படம் எடுக்க வருவார்கள். வாகனத்தை நிறுத்தியதும் எல்லாரும் ரயில் பாலத்துக்குக் கீழால் ஏரிப் பக்கம்தான் போவார்கள். கயாக், அதாவது ஒருவர் இருந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய வள்ளம், கொண்டு வருகிறவர் முதலில் போகக் கூடாத பக்கமும் அதுதான். பாலத்துக்கு வடக்கே, ஆறு ஏரியில் சேர்வதற்கு முன் சம்புப் புல்லுக்கு நடுவே அகலித்துக் கிடக்கிறதே, அந்தச் சதுப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ரொறன்ரோ நகருக்குள் மிஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்களில் இதுதான் பெரியது. 2015இல் ரூஜ் தேசிய நகரப் பூங்கா சட்டப்படி உருவானது. பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 79 சதுர கிலோமீட்டர், நுழைவுக் கட்டணம் கிடையாது. 1954இல் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைக் கொண்டுபோன பிறகுதான், வெள்ளம் ஏறுகிற பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதை இங்கே இறுக்கிப் பிடித்தார்கள். இவ்வளவு பெரிய நகரத்தில் ஆற்றங்கரை வரை வீடுகள் வந்து முட்டாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

அதற்கும் நெடுங்காலம் முன்பே இது வள்ளங்கள் போய்வந்த பாதை. 1660களில் செனெக்கா என்னும் பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்று இந்த ஆற்று முகத்துக்குக் கிட்ட இருந்தது. ஒன்ராறியோ ஏரியில் இருந்து வடக்கே சிம்கோ ஏரிக்குப் போகும் பழைய சுமைப்பாதையின் கிழக்குக் கிளை இந்த ஆற்றை ஒட்டித்தான் போனது. சுமையைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நடந்திருக்கிறார்கள். வாகன நிறுத்துமிடத்தில் இருந்து தண்ணீர் வரை கயாக்கை இழுக்கும்போது இதை நினைத்துக்கொண்டால் இடுப்பு நோவு கொஞ்சம் குறையும்.

நான் ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்தவள். காரைநகருக்குக் கடக்க வள்ளத்தில் ஏறி இறங்கி வளர்ந்தாலும், பெண்பிள்ளைகள் கையில் யாரும் துடுப்பைத் தந்ததில்லை. இங்கே வந்து, பிள்ளைகள் வளர்ந்து, ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் நானாக ஒரு கயாக் வாங்கினேன். இடது முழங்கால் சரியாக மடங்காது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கீழே எழுதியிருப்பது எல்லாம், அவசரமும் பலமும் இல்லாத ஒரு மனுசி தனியாகச் செய்யக்கூடியவை. உங்களுக்கு இருபத்தைந்து வயது என்றால் இன்னும் சுகம்.

எப்போது போவது

ஜூன் நடுப்பகுதியில் இருந்து செப்டெம்பர் முடியும் வரை. மே மாதத்து வெயிலை நம்ப வேண்டாம். வெளியே கை குட்டைச் சட்டையோடு நிற்கலாம் போல இருக்கும். தண்ணீர் இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும். தண்ணீர் 15 பாகைக்குக் கீழே இருந்தால் விழுகிற ஆளின் கணக்கே வேறு. மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் அதை ஒன்று, பத்து, ஒன்று என்று சுருக்கிச் சொல்வார். திக்கு முக்காடும் மூச்சை அடக்க ஒரு நிமிடம். கைகால் சொல்வழி கேட்பது பத்து நிமிடம். குளிர் தாங்காமல் நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். ஆக, ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலம் அல்ல, முதல் பதினொரு நிமிடம்தான். மிதவை அங்கி போட்டிருந்தால் அந்தப் பதினொரு நிமிடத்தைக் கடக்கலாம்.

நேரம் என்றால் விடியக்காலை. ஏழு மணிக்குத் தண்ணீரில் இருங்கள், பதினொரு மணிக்குள் கரையேறி விடுங்கள். கோடையில் நிலம் சூடேற ஏற, மத்தியானமளவில் ஏரியில் இருந்து காற்றுக் கிளம்பும். ஏரி தெற்கே இருக்கிறது. நீங்கள் திரும்பி வருவதும் தெற்கு நோக்கித்தான். களைத்துப்போய் வரும் நேரத்தில் அது முகத்துக்கு நேரே அடிக்கும். வாகன நிறுத்துமிடமும் சிறியது. சனிக்கிழமை பத்து மணிக்குப் போய் இடம் தேடுவதை விட, வியாழக்கிழமை ஏழு மணி எவ்வளவோ மேல்.

பெருமழை பெய்திருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். தண்ணீர் கலங்கி, மேலே இருந்து மரக்கட்டைகள் இழுபட்டு வரும். நகரத்துக் கழிவும் சேர்ந்து வரும். இடி கேட்டால் யோசிக்கவே தேவையில்லை, கரைதான்.

என்ன வேண்டும்

பத்தடி நீளமுள்ள, அகலமான, உட்காரும் வாய் பெரிதான பொழுதுபோக்குக் கயாக் போதும். மெல்லிய நீண்ட கடல் கயாக் பார்க்க வடிவாக இருக்கும். இந்தச் சதுப்பு வளைவுகளுக்கு அது தேவையில்லை. பாவித்தது ஒன்றை விசாரித்து வாங்குங்கள். வாங்கும்போது அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள்: கீறல் பரவாயில்லை, வெடிப்பு ஆகாது. பின்பக்கத் தண்ணீர் வடிக்கும் அடைப்பான் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாகனம் இல்லாதவர்கள் காற்றடிக்கும் கயாக்கை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு கோ ரயிலில் ரூஜ் ஹில் நிலையத்தில் இறங்கி, ஏரியோரப் பாதையால் நடந்தே வரலாம். காற்றில் அது கொஞ்சம் அள்ளுப்படும், ஆனால் சதுப்புக்குள் தாங்கும்.

துடுப்பு 230 சென்ரிமீற்றர். மலிவான அலுமினியத் துடுப்போடு சமாளிக்கலாம் என்பார்கள். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். மூன்று மணித்தியாலம் கையில் தூக்கிக்கொண்டிருக்கப் போவது அதைத்தான்.

சட்டம் கேட்பவை: ஆளுக்கு ஒரு கனடிய அங்கீகாரம் பெற்ற மிதவை அங்கி, 15 மீற்றர் மிதக்கும் கயிறு, விசில், தண்ணீர் இறைக்க ஒரு பம்போ வாளியோ. அங்கியைப் பின்னால் செருகி வைத்தாலும் பெரிய ஆட்களுக்குச் சட்டப்படி சரிதான். அதைக் கேட்டு நடக்காதீர்கள், போட்டுக்கொள்ளுங்கள். போட்டுப் பட்டிகளை இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் யாரையாவது பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை வந்தால் அது உங்களுடைய அளவு இல்லை. விசிலை அங்கியிலேயே கட்டி விடுங்கள். பைக்குள் இருக்கும் விசில் தண்ணீருக்குள் விழுந்தவருக்கு உதவாது.

காலுக்குப் பழைய சப்பாத்து. செருப்புப் போட்டு வந்தால் சதுப்புச் சேறு அதைக் கழற்றி வைத்துக்கொள்ளும். பருத்தி உடுப்பு வேண்டாம், நனைந்தால் காயாது. தொப்பி, தண்ணீர்ப் போத்தல், நுளம்பு எண்ணெய். தொலைபேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்திலோ அங்கியிலோ கட்டுங்கள். சாப்பிட நான் உள்ளே மீன் வைத்த மாலு பாண் கொண்டு போவேன். ஒரு கையால் சாப்பிடலாம், சிந்தாது, ஈரக் கையில் பிடித்தாலும் உருக்குலையாது. சோறு கட்டிக்கொண்டு வந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கயாக் தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

தனியாகக் கூரையில் ஏற்றுவது

கனபேர் கயாக் வாங்காமல் இருப்பது இதற்குப் பயந்துதான். முழுப் பாரத்தையும் ஒரேயடியாகத் தூக்கத் தேவையில்லை. வாகனத்தின் பின் கண்ணாடிக்கு மேலே, கூரை விளிம்பில் தடித்த பழைய துவாயை இரண்டாக மடித்து விரியுங்கள். கயாக்கை வாகனத்துக்கு நேர் பின்னால் நிலத்தில் வையுங்கள். முதலில் மூக்கை மட்டும் தூக்கித் துவாயில் சாத்துங்கள்; அப்போது பாதிப் பாரத்தை வாகனம் வாங்கிவிடும். பிறகு பின்னால் போய் வாலைத் தூக்கி முன்னே தள்ளினால், துவாயில் வழுக்கிக்கொண்டு கூரைத் தாங்கியில் ஏறிவிடும். இரண்டு பட்டிகளால் குறுக்கே கட்டுங்கள். கட்டும்போது பட்டியை ஒருமுறை முறுக்கி விடுங்கள். இல்லாவிட்டால் ஓடும்போது காற்றில் அதிர்ந்து, வீடு வரும்வரை காதுக்குள் உறுமும். 401 நெடுஞ்சாலையில் ஏறுவதாக இருந்தால் மூக்கில் இருந்தும் ஒரு கயிறு முன்னால் கட்ட வேண்டும்.

ஏறுவதும் துடுப்புப் போடுவதும்

கணுக்காலுக்குச் சற்று மேலே தண்ணீர் வரும் ஆழத்தில், கயாக்கைக் கரைக்கு இணையாக மிதக்க விடுங்கள். இரண்டு பக்கமும் காலைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள். ஒரு காலை உள்ளே வைத்து, பிறகு இருந்து, மற்றக் காலை எடுப்பம் என்றால் கவிழும். முதலில் குந்தி இருக்கையில் இருங்கள். இருந்த பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுங்கள். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: இரண்டு காலும் வெளியே, நிலத்தில் ஊன்றி, பிறகு எழும்புவது. என் முழங்காலுக்கும் இது ஒத்துவருகிறது. கால் மிதியைச் சரிபார்த்து, முழங்கால் லேசாக மடிந்து பக்கச் சுவரைத் தொடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

துடுப்பைத் தலைக்கு மேலே கிடையாகப் பிடியுங்கள். முழங்கை இரண்டும் நேர்கோணத்தில் மடிந்தால் அதுதான் கை வைக்கும் இடம். அலகின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். துடுப்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். உள்ளங்கையில் கொப்புளம் வருவது அப்படித்தான். பாதத்துக்கு நேரே அலகை இறக்கி, இடுப்புக்கு நேரே வெளியே எடுங்கள். கையால் இழுக்காமல் உடம்பைத் திருப்புங்கள்: வலப்பக்கம் போடும்போது வலது தோள் முன்னே போய்ப் பின்னே வர வேண்டும். திரும்புவதற்கு, எதிர்ப்பக்கத்தில் மூக்கில் இருந்து வால்வரை தண்ணீரில் பெரிய அரைவட்டம் ஒன்று கீறுங்கள். நிற்பாட்டப் பின்னோக்கித் துடுப்புப் போட வேண்டும். இவ்வளவும் அரை மணித்தியாலத்தில் பிடிபடும்.

கவிழ்ந்தால்? இந்த வகைக் கயாக்கில் ஆள் தானாக வெளியே விழுந்துவிடுவார், உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் தண்ணீர் நிரம்பிய கயாக்கை ஆழத்தில் வைத்து இறைத்து மீண்டும் ஏறுவது பழக்கமில்லாதவரால் முடியாது. அதைப் பிடித்துக்கொண்டே மிதந்து, காலால் உதைத்துக் கரைக்குத்தான் கொண்டுவர வேண்டும். அதனால் எப்போதும் கரையில் இருந்து பத்துப் பதினைந்து மீற்றருக்குள் ஓடுங்கள். பார்ப்பதற்கு உள்ளதெல்லாம் கரையோரத்தில்தான், ஆகவே இழப்பு ஒன்றும் இல்லை.

மேலே போவது

முதலில் ஆற்றுக்கு எதிராக, வடக்கே. கோடையில் இழுவை மிக மெதுவாக இருக்கும். சதுப்பின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஏரிதான். ஏரி வசந்தத்தின் கடைசியில் ஏறி, இலையுதிர் காலத்தில் இறங்கும். ஜூனில் நீங்கள் மிதந்து போன பக்கவாய்க்கால் செப்டெம்பரில் சேறாக இருக்கலாம். 2017இலும் 2019இலும் ஏரி நிரம்பி வழிந்தபோது கரையோரங்கள் தண்ணீருக்குள் போயின. ஆகவே யாரும் சொன்ன பாதையை நம்பாமல் அன்றைய தண்ணீரைப் பாருங்கள்.

முதல் பகுதி அகலம்: இரண்டு பக்கமும் சம்புப் புல், அதன்மேல் தோளில் சிவப்புப் பட்டி போட்ட கருங்குருவிகள் நின்று கத்தும். அப்புறம் ஆறு ஒடுங்கி, வளைந்து, மரங்கள் குனிந்து நிற்கும் பகுதிக்குப் போகும். அடியில் கற்கள் தட்டத் தொடங்கினால் அங்கேயே திரும்புங்கள். தூரம் என்று பார்த்தால் பெரிய தூரம் இல்லை. பலமாகத் துடுப்புப் போட்டால் கெதியாகப் போய்விட்டு வந்துவிடலாம், ஒன்றையும் பார்க்காமல். அதே தூரத்துக்கு நான் மூன்று மணித்தியாலம் எடுப்பேன்.

ஆமையைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. விழுந்து கிடக்கும் மரத்தில் வெயில் காய்கிற ஆமைகளைத் தூரத்திலேயே கண்டுவிட்டால், நாலு தரம் பலமாகப் போட்டுவிட்டு, துடுப்பை மடியில் குறுக்கே வைத்து அப்படியே வழுக விடுங்கள். மூக்கை நேரே அவற்றை நோக்கிப் பிடிக்காமல், பக்கத்தால் கடந்து போகிற மாதிரிப் பிடியுங்கள். நேரே வருகிறதைத்தான் அவை எதிரியாக எடுக்கும். முதலில் ஒன்று கழுத்தை நீட்டும். அது நீட்டினால் நீங்கள் அசையாதீர்கள். கையைத் தொலைபேசிக்குக் கொண்டுபோனீர்களோ, டொப், டொப், டொப் என்று வரிசையாக இறங்கிவிடும். கழுத்தில் சிவப்பும் மஞ்சளும் கோடு போட்டிருந்தால் அது வர்ண ஆமை. இங்கே அதிகம் காண்பது அதுதான். தொண்டை முழுக்க எலுமிச்சை மஞ்சளாக, ஓடு தலைக்கவசம் மாதிரி உயர்ந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அது பிளாண்டிங் ஆமை. இந்த ஆற்றில் அநேகமாக அற்றுப்போன நிலையில் இருந்ததை, ரொறன்ரோ மிருகக்காட்சிசாலை குஞ்சுகளாக வளர்த்து 2014 முதல் இங்கே விட்டு வருகிறது. எந்த ஆமையானாலும் வெயில் காய்வது அதற்குச் சமிபாட்டுக்கும் உயிருக்கும் வேண்டிய காரியம். ஒருமுறை இறக்கிவிட்டால் திரும்பவும் அதே மரத்தடிக்குப் போகாதீர்கள்.

நீலநாரை வேறு மாதிரி. கிட்டப் போனால் எழும்பி, ஆற்றோடு மேலே பறந்து, அடுத்த வளைவில் இறங்கும். நீங்களும் அங்கேதான் போகிறீர்கள், திரும்ப எழும்பும். இப்படி அதைக் காலை முழுக்கத் துரத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மற்றக் கரைக்கு ஒதுங்கிக் கடந்துவிட்டால் அது பேசாமல் மீன் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அன்னத்திடம் மட்டும் கவனம். வசந்தத்திலும் கோடை தொடக்கத்திலும் கூடும் குஞ்சும் இருக்கும். ஆண் அன்னம் இரண்டு இறக்கையையும் முதுகில் பாய் மாதிரி உயர்த்திக்கொண்டு உங்களை நோக்கி நீந்தத் தொடங்கினால், வடிவாக இருக்கிறது என்று படம் எடுக்க நிற்காதீர்கள். அது எச்சரிக்கை. வந்த வழியே பின்னோக்கிப் போங்கள்.

ஜூன் மாதத்தில் புல்லுக்குள் ஏதோ பெரிதாக அடிபட்டுத் தண்ணீர் தெறித்தால் பயப்பட வேண்டாம், கெண்டை மீன்கள் முட்டையிடுகின்றன. செப்டெம்பர் கடைசியில் சினூக் சால்மன் ஏறும். பசிபிக் பக்கத்தில் இருந்து கொண்டுவந்து இந்த ஏரிகளில் விடப்பட்ட இனம். முட்டையிட்டு முடிய இங்கேயே சாகும். ஆழமில்லாத இடத்தில் முதுகு வெளியே தெரிய நிற்கும்போது அவற்றின் மேலால் கயாக்கை இழுக்காதீர்கள்.

சதுப்பின் புல்லுக்குள் இறங்கி நிற்க முயலவும் வேண்டாம். மேலே பார்க்கத் தரை போல இருக்கும், கால் வைத்தால் தொடைவரை போகும். கரையேறினால் மூன்றிலைச் செடியைத் தொடாதீர்கள், நச்சுப் படர்கொடி. தடிப்புப் போட்டு அரித்தெடுக்கும். வீட்டுக்குப் போனதும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது.

ஏரிக்குப் போகலாமா

எல்லாரும் கடைசியில் கேட்பது இதுதான். பாலத்துக்குக் கீழால் போனால் ஏரி திறந்து கிடக்கும், தட்டையாக, நீலமாக. பழகாதவர்கள் போகாதீர்கள் என்பதுதான் என் பதில். ஆற்று முகத்தில் மணல்திட்டு இருக்கிறது. ஆழம் மாறிக்கொண்டே இருக்கும், தெற்குக் காற்றில் அலை அங்கேதான் உடையும். வடக்குக் காற்று அடித்தால் கரையருகே தண்ணீர் அமைதியாகத் தெரியும், ஆனால் காற்று உங்களை மெல்ல வெளியே கொண்டுபோகும். இன்னொன்று, மேற்குக் காற்று ஒன்றிரண்டு நாள் விடாமல் அடித்தால், மேலே இருக்கும் சூடான தண்ணீரை அது வடகரையில் இருந்து விலக்கிவிடும். பூமியின் சுழற்சியால் தண்ணீர் காற்றுக்கு வலப்பக்கம் தள்ளுப்படுவதால் அப்படி. அடியில் இருந்த குளிர்நீர் அந்த இடத்துக்கு மேலே வரும். ஓகஸ்ட் மாதத்திலேயே நேற்றுக் குளித்த இடத்தில் இன்று கால் விறைக்கும். போகத்தான் வேண்டும் என்றால், ஒன்ராறியோ ஏரி மேற்குப் பகுதிக்கான கடல்வானிலை அறிக்கையைப் பார்த்து, உள்ளே தண்ணீர் புகாத மூடிய அறைகள் உள்ள கயாக்கோடு, மீண்டும் ஏறப் பழகிய இன்னொருவரோடு போங்கள்.

கரையேறிய பிறகு

வாகனத்தில் ஏற்றுமுன் அங்கேயே துப்புரவு செய்ய வேண்டும். 2022 ஜனவரியில் இருந்து ஒன்ராறியோவில் இது சட்டம்: படகில் ஒட்டிய செடி, பாசி, பிராணி எல்லாவற்றையும் அகற்றி, தண்ணீரை வடித்த பிறகுதான் வீதியில் கொண்டுபோகலாம். ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி 1980களின் கடைசியில் வந்து பெருகியது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஒரு கோப்பைத் தண்ணீரில் பயணம் செய்யும். அடைப்பானைக் கழற்றி, வாலைத் தூக்கி வடியவிடுங்கள். இருக்கைக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள், புல் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்து வேறு ஏரிக்கு, கவார்த்தாப் பக்கமோ அல்கொன்குயினுக்கோ, கொண்டு போவதாக இருந்தால் சில நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகே எடுங்கள். காய்ந்ததும் அடைப்பானைத் திரும்பப் போட்டு விடுங்கள். அது இல்லாமல் தண்ணீரில் இறக்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.